நாக் சென்சார்: மாற்றுவதற்கு முன்பும் மாற்றும்போதும் கவனிக்க வேண்டியவை



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரர் வட்டியில்லாக் கடன் கேட்டு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். "என்ஜினை இறக்கிப் பார்க்கணும்னு சொல்றாங்க. 45 ஆயிரம் ஆகுமாம்" என்றார். கடன் கிடைக்காவிட்டால் வீட்டு நகையை அடகு வைப்பதென்று முடிவு செய்திருந்தார்.

என்ன பழுது என்று விசாரித்தோம். கார் இழுக்கவில்லை, மேட்டில் ஏறத் திணறுகிறது, லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தது இப்போது 11க்கு வந்துவிட்டது, மீட்டரில் என்ஜின் விளக்கு அணைவதில்லை என்றார். ஒரு மெக்கானிக் 'நாக் சென்சார் போய்விட்டது' என்று புதிதாக மாற்றியிருக்கிறார். பத்து நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. அடுத்த பட்டறையில்தான் 'என்ஜினே தேய்ந்துவிட்டது' என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் காரின் கதை எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நம் ஜமாஅத்தில் கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் பலர். பழைய கார் வாங்கும் குடும்பங்களும் உண்டு. இந்தச் சிறிய பாகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சமாகும், நல்ல என்ஜினைத் தேவையில்லாமல் பிரிப்பதையும் தவிர்க்கலாம். ஆகவே இந்த இதழில் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. நாக்கிங் என்றால் என்ன?

பெட்ரோல் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் அழுத்தப்படுகின்றன. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன் ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. அங்கே பற்றிய தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவி, அதன் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. முறையான எரிதல் இதுதான்.

சில வேளைகளில் தீ வந்து சேருமுன்பே மூலையில் மீதமிருக்கும் கலவை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாகவே ஒரே நொடிப்பில் வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டரின் சுவரில் மோதுவதால்தான் 'டிங் டிங்' என்ற உலோகச் சத்தம் கேட்கிறது. டப்பாவுக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டு ஆட்டினாற்போல் இருக்கும். இதைத்தான் நாக்கிங் என்கிறோம்.

எப்போதோ ஒருமுறை மேட்டில் இந்தச் சத்தம் வந்தால் பெரிய கேடில்லை. நாள்கணக்கில் தொடர்ந்தால் பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங் பொருந்தும் இடம் உடையும், ஹெட் கேஸ்கட் போகும். அப்போது உண்மையிலேயே என்ஜினை இறக்க வேண்டி வரும்.

நாக்கிங் வரப் பல காரணங்கள் உண்டு: தரம் குறைந்த அல்லது மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல், என்ஜின் சூடேறுதல், கூலன்ட் குறைவு, உள்ளே படிந்த கரி, பொருந்தாத ஸ்பார்க் பிளக், காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்த கலவை. வேகம் இல்லாதபோது மேல் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை அழுத்துவதும் ஒரு காரணம்தான். பெட்ரோல் தானாக வெடிப்பதை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவது ஆக்டேன் எண். நம் நாட்டில் சாதாரண பெட்ரோலுக்கு நெடுங்காலம் 91 என்பதே அளவாக இருந்தது. முன்பு ஆக்டேனை உயர்த்தப் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அது உடல்நலத்துக்குக் கேடு என்பதால் 2000ஆம் ஆண்டோடு இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது.

2. சென்சார் செய்யும் வேலை

அம்பாசடர், கார்புரேட்டர் வைத்த மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில் நாக் சென்சார் கிடையாது. மெக்கானிக் காதால் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் வைப்பார். இப்போதைய பெட்ரோல் கார்களில் அந்தக் காதின் வேலையைச் செய்வது நாக் சென்சார்.

இதன் உள்ளே அழுத்தினால் மின்சாரம் தரும் ஒருவகைப் படிகம் இருக்கிறது. பியரி கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்த தன்மை இது. நம் வீட்டு அடுப்படியில் பேட்டரி இல்லாமல் 'டிக்' என்று பொறி விடும் கேஸ் லைட்டரிலும் இதே தன்மைதான் வேலை செய்கிறது. லைட்டரில் நாம் விரலால் அழுத்துகிறோம். சென்சாரில் என்ஜின் பிளாக்கின் அதிர்வே படிகத்தை அழுத்துகிறது.

நாக்கிங் அதிர்வு பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலானது. சென்சார் அனுப்பும் மின்குறிப்பை இ.சி.யூ. என்னும் கணினிப் பெட்டி கவனிக்கிறது. அதுவும் எல்லா நேரமும் அல்ல. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் உச்சியைத் தாண்டிய சிறு இடைவெளியில் மட்டும் கேட்கும். நாக்கிங் தெரிந்தால் பொறி வைக்கும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடும். சத்தம் நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

3. பழுதானால் என்ன தெரியும்?

சென்சாரிடமிருந்து சரியான குறிப்பு வராவிட்டால் இ.சி.யூ. அபாயத்தைத் தவிர்க்கும் வழியைத் தேர்ந்தெடுக்கிறது. நாக்கிங் இருக்கிறதோ இல்லையோ, பொறி நேரத்தை நிரந்தரமாகத் தள்ளி வைத்துவிடும். என்ஜின் காப்பாற்றப்படும், ஆனால் இழுவை குறையும், மைலேஜ் இறங்கும், மேட்டில் திணறும். மீட்டரில் என்ஜின் விளக்கு எரியும். தானியங்கி கியர் உள்ள சில கார்களில் ஓவர்டிரைவ் கியர் ஏறாது.

இந்த அறிகுறிகள் தேய்ந்த என்ஜினின் அறிகுறிகளைப் போலவே இருப்பதைக் கவனியுங்கள். தவறான முடிவுக்கு வர இதுவே காரணமாகிறது. தேய்ந்த என்ஜினா இல்லையா என்று பார்க்கத் தனிச் சோதனை உண்டு. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். எல்லா சிலிண்டரின் அளவும் அந்தக் காருக்கு உரிய எண்ணுக்குள்ளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருந்து, புகை, ஆயில் குறைவு போன்ற வேறு புகாரும் இல்லையென்றால் என்ஜினை இறக்கும் பேச்சுக்கே இடமில்லை. கம்ப்ரஷன் அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லாமல் யாருக்கும் என்ஜினைப் பிரிக்க அனுமதி கொடுக்காதீர்கள்.

4. ஸ்கேனர் காட்டும் கோட்

காரில் ஸ்கேனரை இணைத்தால் நாக் சென்சார் தொடர்பாகப் பெரும்பாலும் இந்த எண்கள் வரும்:

பி0325: முதல் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு.
பி0326: குறிப்பு எதிர்பார்த்த வரம்பில் இல்லை.
பி0327: குறிப்பு மிகக் குறைவு.
பி0328: குறிப்பு மிக அதிகம்.
பி0330: இரண்டாம் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு (வி வடிவ என்ஜின்களில்).

'மின்சுற்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். மின்சுற்று என்றால் சென்சார், கனெக்டர், ஒயர், இ.சி.யூ. நான்கும் சேர்ந்தது. 'சென்சார் கெட்டுவிட்டது' என்று கோட் சொல்வதே இல்லை. எந்தத் தெருவில் பழுது என்பதை மட்டும்தான் அது காட்டும், எந்த வீட்டில் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

5. மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் ஒயரைப் பாருங்கள். வண்டி பல நாள் நின்றால் எலி உள்ளே போய் ஒயரைக் கடிப்பது நம் ஊரில் சாதாரணம். சென்சாரின் குறிப்பு மிகவும் மெல்லியது. அதனால்தான் மற்ற மின்சாரம் குறுக்கிடாதபடி அந்த ஒயருக்குப் பின்னல் உறை போட்டிருக்கிறார்கள். அந்த உறை கிழிந்தாலும், செம்பு வெளியே வந்து பாடியில் பட்டாலும் கோட் வரும்.

அடுத்து கனெக்டர். அதைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா, ஆயிலோ தண்ணீரோ புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, மல்டிமீட்டர். கனெக்டரைக் கழற்றிச் சென்சாரின் மின்தடையை அளக்க வேண்டும். சில வகைகளில் அது 1 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த சில டொயோட்டா சென்சார்களில் 20 டிகிரி வெப்பத்தில் 120 முதல் 280 கிலோ ஓம் வரை காட்ட வேண்டும். உங்கள் காருக்குரிய எண்ணைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் சென்சார் நல்லது என்று முடிவாகிவிடாது. எண் முற்றிலும் மாறியிருந்தால் சென்சார் கெட்டது என்று துணியலாம்.

நான்காவது, தட்டிப் பார்ப்பது. மீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டில் வைத்துச் சென்சாருடன் இணைத்துக்கொண்டு, அதன் அருகே பிளாக்கின் மேல் சிறு சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மீட்டர் அசைய வேண்டும். சென்சாரின் மேலேயே தட்டக் கூடாது, உள்ளிருக்கும் படிகம் விரிந்துவிடும்.

ஐந்தாவது, என்ஜினில் உண்மையிலேயே நாக்கிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்சார் சரியாகக் கேட்டு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். கூலன்ட், பெட்ரோல், பிளக் ஆகியவற்றைச் சோதியுங்கள். பெட்ரோலில் சந்தேகம் இருந்தால் பங்கிலேயே ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. ஃபில்டர் பேப்பரில் விட்ட சொட்டு ஆவியான பின் கறை தங்கினால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம்.

இவ்வளவும் பார்த்து, சென்சார்தான் கெட்டது என்று உறுதியானால் மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

6. மாற்றும் முறை

நான்கு சிலிண்டர் வரிசை என்ஜின்களில் சென்சார் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே. சில கார்களில் மேலிருந்தே கை எட்டும், சிலவற்றில் அடியிலிருந்து வர வேண்டும்.

முதல் படி: என்ஜின் முழுதாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

இரண்டாம் படி: அடியில் போக வேண்டியிருந்தால் காரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டின் மேல் இறக்கிய பிறகே போக வேண்டும். ஜாக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒரு நிமிடம்கூடப் படுக்காதீர்கள். செங்கல்லை அடுக்கி நிறுத்துவதும் கூடாது. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மூன்றாம் படி: கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் எளிதில் உடையும்.

நான்காம் படி: பழைய சென்சாரைக் கழற்றுங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று, நடுவில் துளையுள்ள தட்டையான வகை, போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். மற்றொன்று, தானே மரையுள்ள வகை, ஆழமான சாக்கெட் போட்டுக் கழற்ற வேண்டும். தட்டையான வகையில் ஒயர் எந்தத் திசையில் இருந்தது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அமரும் இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். இந்தப் படியில்தான் பலர் தவறு செய்கிறார்கள். துரு, பெயின்ட், ஆயில் பிசுக்கு எதுவும் இருக்கக் கூடாது. சென்சாரின் முகம் பிளாக்கின் உலோகத்தோடு நேராக ஒட்ட வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்திருந்தாலன்றி வாஷர் போடக் கூடாது. மரையில் டேப் சுற்றுவதும், கேஸ்கட் பசை தடவுவதும் கூடாது. இடையில் எது இருந்தாலும் அதிர்வு மாறிவிடும்.

ஆறாம் படி: புதிய சென்சாரைக் கையால் மரை பிடித்து வைத்து, பிறகு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். 8 மி.மீ. போல்ட் கொண்ட தட்டை வகைக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர். மரை வகைக்கு வேறு அளவு. எடுத்துக்காட்டாக டொயோட்டாவின் 1எம்இசட்-எஃப்இ என்ஜினில் 39 நியூட்டன் மீட்டர். குறைவாக இறுக்கினால் அதிர்வு சரியாகப் போய்ச் சேராது. மிகையாக இறுக்கினால் படிகத்தின் மேல் பளு கூடிக் குறிப்பு பிசகும், சில வேளை விரிசலும் விடும். 'கை அளவுக்குத் தெரியும்' என்று சொல்பவரிடம் இந்த ஒரு வேலைக்காவது டார்க் ரென்ச் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

புதிய சென்சார் கைதவறித் தரையில் விழுந்தால் அதைப் பொருத்தாதீர்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே உடைந்திருக்கலாம்.

7. வி6 என்ஜினில் வேலை பெரிது

சில என்ஜின்களில் சென்சார் கண்ணுக்கே தெரியாது. மேலே சொன்ன 1எம்இசட்-எஃப்இ என்பது 3.0 லிட்டர் வி6. பழைய கேம்ரி வி6, லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 300 கார்களில் இருப்பது. இதில் இரண்டு நாக் சென்சார்கள், இரு வரிசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கின்றன. மேனிஃபோல்டை முழுதாகக் கழற்றாமல் எட்டவே முடியாது.

இப்படிப்பட்ட என்ஜினில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பெட்ரோல் குழாயைத் தொடுமுன் ஃப்யூவல் பம்பின் ஃப்யூஸை எடுத்து, என்ஜினை ஓடவிட்டுத் தானாக நிற்கச் செய்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அதன் பிறகே பேட்டரியைக் கழற்றலாம். அருகில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது. கூலன்ட் குழாய்களைக் கழற்றுமுன் கூலன்ட்டை வடித்துக்கொள்ள வேண்டும். மேனிஃபோல்டை எடுத்தவுடன் திறந்திருக்கும் துளைகளைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் என்ஜினே போய்விடும். மூடும்போது துணிகளை எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது கேஸ்கட்டுகள் புதிதாக இருக்கட்டும். மேனிஃபோல்ட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். கூலி அதிகமான வேலை என்பதால், ஒரு சென்சார் கெட்டிருந்தாலும் இரண்டையும், அங்கே ஓடும் சிறு ஒயரையும் சேர்த்து மாற்றிவிடுவதே சிக்கனம். விலை மலிந்த போலிப் பாகத்தைப் போட்டு மூன்று மாதத்தில் மறுபடி பிரிப்பதைவிட, முதலிலேயே நல்ல பாகம் வாங்கிப் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. மாற்றிய பிறகு

பேட்டரியை இணையுங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றியிருந்தால் சாவியை இரண்டு மூன்று முறை 'ஆன்' நிலைக்குக் கொண்டுவந்து, கசிவு இல்லையென்று பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்கேனரில் கோடை அழியுங்கள். பட்டறை வாசலில் விளக்கு அணைந்ததை வைத்து வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். என்ஜின் நன்றாகச் சூடேறி, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடி, ஒரு மேடும் ஏறிய பிறகே இ.சி.யூ. சென்சாரை முழுதாகச் சோதித்திருக்கும். அப்படி ஓட்டிவிட்டு மீண்டும் ஒருமுறை ஸ்கேன் செய்து, கோட் இல்லையென்று பார்த்த பின் மீதிக் கூலியைக் கொடுங்கள்.

9. அந்தச் சகோதரரின் கார்

கடன் விண்ணப்பத்தைக் கமிட்டியில் வைப்பதற்கு முன், நமதூரில் நெடுங்காலம் பட்டறை நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் காரைக் காட்டச் சொன்னோம். டிரஸ்ட் பணம் பலருடைய அமானிதம். என்ஜின் வேலை தேவையென்றால் கொடுப்போம், தேவைதானா என்று பார்ப்பதும் நம் பொறுப்பு என்று சகோதரரிடம் சொன்னோம். அவருக்கு முதலில் வருத்தம்தான், முகம் வாடிப்போய்த்தான் போனார்.

பெரியவர் முதலில் கம்ப்ரஷன் பார்த்தார். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. "தம்பி, இந்த என்ஜினைத் தொடவே வேணாம்" என்றார். ஸ்கேனரில் பி0327 வந்தது. ஒயரைத் தடவிக்கொண்டே போனவர், டேஷ்போர்டுக்கு முன்னுள்ள தகட்டுச் சுவரின் அருகே நிறுத்தினார். எலி கடித்து, செம்பு வெளியே வந்து, பாடியில் உரசிக்கொண்டிருந்தது. புதிதாகப் போட்ட சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர்.

"பழைய சென்சார் எங்கே தம்பி?"

"டிராயர்லதான் கிடக்கு பாய். தூக்கிப் போட மனசு வரல."

அதை எடுத்து மீட்டரில் பார்த்தார், தட்டிப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. கெட்ட ஒயர்த் துண்டை வெட்டி, உறை போட்ட ஒயரைச் சேர்த்து ஈயம் பற்றவைத்தார். அமரும் இடத்தைத் தேய்த்து வெளுக்க வைத்து, பழைய சென்சாரையே டார்க் ரென்ச்சால் இறுக்கினார். மொத்தச் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள். இரண்டு வாரம் கழித்துச் சகோதரர் அலுவலகத்துக்கு வந்து, மைலேஜ் மறுபடி 14ஐத் தொட்டுவிட்டது என்று சொல்லி, கடன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

முதல் மெக்கானிக்கை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல நான் துணியமாட்டேன். கோடைப் பார்த்தார், சென்சாரை மாற்றினார். நடுவில் செய்ய வேண்டிய ஐந்து சோதனைகளைச் செய்யவில்லை, அவ்வளவுதான். அந்தச் சகோதரரும் அவற்றைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

பாடத்தை மீட்டிப் பார்க்க

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து விடை சொல்லிப் பாருங்கள்.

1. கேஸ் லைட்டருக்கும் நாக் சென்சாருக்கும் என்ன ஒற்றுமை?
2. சென்சார் குறிப்பு வராதபோது காரின் இழுவை ஏன் குறைகிறது?
3. 'பி0327 வந்துவிட்டது, சென்சாரை மாற்றுங்கள்' என்று ஒருவர் சொன்னால் அவரிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?
4. சென்சாரின் அடியில் வாஷர் போடுவது ஏன் தவறு?
5. என்ஜினை இறக்கச் சம்மதிக்கும் முன் எந்தச் சோதனையின் அளவுகளை எழுதி வாங்க வேண்டும்?

வண்டி ஓட்டும் சகோதரர்கள் 4ஆம், 5ஆம் பகுதிகளை மட்டுமாவது கத்தரித்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளவும். பட்டறையில் நிற்கும் நேரத்தில் உதவும்.